ஹூக்ளிக் கரையில் எபிரேயப் பாடம்

தமிழ்க் குருமார் பட்டத்தில் வங்காள ஊரின் பெயர்

நாசரேத், நாகர்கோவில், தரங்கம்பாடி என்று கிறிஸ்தவர்கள் நிறைந்த எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள புராட்டஸ்டண்டு சபைக் குருவானவரின் பெயருக்குப் பின்னால் 'பி.டி.' என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். இறையியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர் என்பது அதன் பொருள். அவர் சென்னையில் படித்திருக்கலாம். மதுரையிலோ பெங்களூரிலோ படித்திருக்கலாம். ஆனால் பட்டத்தாளில் பெரும்பாலும் இருக்கும் பெயர் 'செராம்பூர்'.

அந்தச் செராம்பூர் ஏதோ சீமையில் இருக்கும் ஊர் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. கல்கத்தாத் தமிழர்களுக்கு அது கூப்பிடு தூரம். ஹௌராவில் பண்டேல் லோக்கல் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிடுகிற ஸ்ரீராம்பூர்தான் அது. சணல் ஆலைகளுக்காக மட்டுமே அந்த ஊரை அறிந்தவர்கள், ஆற்றங்கரையில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் பழைய கல்லூரிக் கட்டடத்தை ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சபை மேடைகளில் ஞாயிறுதோறும் ஒலிக்கும் பிரசங்கங்களுக்கு அந்தக் கட்டடத்தோடு சம்பந்தம் இருக்கிறது.

செருப்புத் தைத்தவரின் படிப்பு

இந்தக் கல்லூரியைத் தோற்றுவித்த மூவரில் மூத்தவரான வில்லியம் கேரி பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தோல் வேலை செய்யும் பலகையின் மேலேயே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமாகவே கற்றார். 1793ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். கம்பெனி ஆட்சியில் மிஷனரிகளுக்கு அனுமதி கிடைப்பது அரிதாக இருந்ததால், 1800ஆம் ஆண்டு டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த செராம்பூருக்குக் குடி பெயர்ந்தார். அங்கே அவரோடு சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் ஒரு நெசவாளியின் மகன். வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி.

இந்த மூவரும் 1818ஆம் ஆண்டு கல்லூரியைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்த மாணவர்கள் 37 பேர். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று கதவை அடைக்காமல், எந்த மதத்தைச் சேர்ந்த இளைஞரும் படிக்கலாம் என்று வைத்தார்கள். கீழை நாட்டு இலக்கியமும் மேலை நாட்டு விஞ்ஞானமும் கற்பிப்பது நோக்கம். 1827ஆம் ஆண்டு டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக், பட்டம் வழங்கும் உரிமையை இக்கல்லூரிக்குச் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். கல்கத்தாவிலும் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியது 1857இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே செராம்பூருக்கு அந்த உரிமை வந்துவிட்டது.

இதில் தமிழர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. அப்போது டேனிஷ்காரர்கள் வைத்திருந்த இன்னொரு ஊர் நம்முடைய தரங்கம்பாடி. 1845ஆம் ஆண்டு ஒரே உடன்படிக்கையில் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஊர் கை மாறியது. கல்லூரியின் சாசன உரிமை மட்டும் உடன்படிக்கையில் காப்பாற்றப்பட்டது. அந்த உரிமையின்படி முதல் பி.டி. பட்டங்கள் வழங்கப்பட்டது 1915இல். 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த செனட் சபைதான் இன்று நாடெங்கும் உள்ள இறையியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்துப் பட்டமும் வழங்குகிறது.

தீயில் உருகிய தமிழ் எழுத்து

கேரியும் நண்பர்களும் நடத்திய அச்சகத்தில் பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வார்க்கப்பட்டது. தமிழும் அவற்றில் ஒன்று. தென்னாட்டுக் கிறிஸ்தவர்களுக்காகத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டுக் கொண்டிருந்தபோது, 1812 மார்ச் 11ஆம் தேதி மாலை அச்சகத்தில் தீப்பிடித்தது. காகிதக் குவியல்களும் கைப்பிரதிகளும் சாம்பலாயின. வார்த்து வைத்திருந்த ஈய எழுத்துகள் உருகி ஓடின. தமிழ் எழுத்துகளும் அவற்றோடு போயின.

ஆனால் எழுத்து வார்ப்பதற்கு ஆதாரமான எஃகு அச்சுகள் இடிபாடுகளுக்கு அடியில் சேதமில்லாமல் கிடைத்தன. அவற்றைக் கொண்டு உடனே மறுபடியும் எழுத்து வார்த்தார்கள். மறு ஆண்டே, 1813இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு செராம்பூரிலிருந்து வெளிவந்தது. ஹூக்ளிக் கரையில் வங்காளத் தொழிலாளர்கள் கோத்த எழுத்துகளில் தமிழ் வேதம் அச்சாகித் தெற்கே போயிற்று.

சிப்பூரில் எழுந்த கல்லூரி

செராம்பூருக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் பிறந்தது பிஷப்ஸ் காலேஜ். கல்கத்தாவின் முதல் ஆங்கில அத்தியட்சரான மிடில்டன், 1820 டிசம்பரில் ஆற்றுக்கு அக்கரையில், சிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பக்கத்தில் அதற்கு அடிக்கல் நாட்டினார். குருமார்களையும் உபதேசிமார்களையும் பயிற்றுவது அதன் வேலை. முதல் தலைவரான வில்லியம் ஹாட்ஜ் மில், கிறிஸ்துவின் வரலாற்றை சமஸ்கிருதச் செய்யுளாகவே பாடியவர். கிரேக்கம், லத்தீன், எபிரேயத்தோடு இந்திய மொழிகளையும் படிக்க வேண்டும் என்பது அங்கே இருந்த முறை.

1880 வாக்கில் கல்லூரி நகருக்குள் இடம் மாறியது. சிப்பூர் வளாகம் பொறியியல் கல்லூரிக்குப் போயிற்று. இன்று அது தேசியப் பொறியியல் கல்வி நிலையம். பிஷப்ஸ் காலேஜ் இப்போது ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டில் இருக்கிறது. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையைச் சார்ந்தது; செராம்பூர் பட்டத்துக்கே மாணவர்களைத் தயார் செய்கிறது. பழைய லோயர் சர்குலர் ரோடு என்றால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும்.

மிடில்டனுக்குப் பின் வந்த ஹீபர் அத்தியட்சர் காலத்தில் ஒரு தமிழரின் பெயர் கல்கத்தாவில் பேசப்பட்டது. தஞ்சை சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவருமான கிறிஸ்தியான் தாவீது என்பவரே அவர். 1824இல் கல்கத்தாவுக்கு வந்து, ஹீபரிடம் தேர்வு கொடுத்து, அவர் கையால் குருப்பட்டம் பெற்றார். தரங்கம்பாடி லுத்தரன் சபையில் ஆரோன் என்ற தமிழர் 1733இலேயே குருப்பட்டம் பெற்றிருந்தார். ஆங்கிலத் திருச்சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் கிறிஸ்தியான் தாவீதே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பட்டம் கொடுத்த ஹீபர் இரண்டே ஆண்டுகளில், 1826 ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சிராப்பள்ளிக்குப் போயிருந்த இடத்தில் குளிக்கும்போது இறந்தார். அங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்கத்தாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த இந்தப் போக்குவரத்து பின்னாளிலும் நிற்கவில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1877இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றதும் கல்கத்தாவில்தான்.

வலமிருந்து இடமாக

சரி, இந்த மாணவர்கள் என்னதான் படிக்கிறார்கள்? நான்கு அல்லது ஐந்து ஆண்டுப் படிப்பில் வேதாகம ஆராய்ச்சி, திருச்சபை வரலாறு, இறையியல், பிற மதங்கள், சமூகவியல், சபை நிர்வாகம் என்று பாடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் மாணவர்களைப் பயமுறுத்துவது மூலமொழிகள். பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்தில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது.

எபிரேயத்துக்கு 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். 22ம் மெய்யெழுத்துகளே. உயிரொலிகளைப் படிக்கிறவரே இட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆதி முறை. எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு உயிரொலியைக் காட்டும் வழக்கம் கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில் யூதப் பண்டிதர்கள் ஏற்படுத்தியது. இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்த்தால் விநோதம் இல்லை. ஓலையில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. இடம் பார்த்து வாசிப்பவரே புரிந்துகொள்வார்.

சொற்கள் பிறக்கும் விதமும் வேறு. மூன்று மெய்கள் ஒரு வேராக நிற்கும். நடுவில் வரும் உயிர் மாறினால் பொருள் மாறும். க, த, ப என்ற மூன்றும் சேர்ந்தால் 'எழுதுதல்' என்ற வேர். எபிரேயத்துக்கு உறவான அரபி மொழியிலும் இதே வேர் உண்டு. ஹிந்தியும் உருதுவும் பேசுகிறவர்கள் புத்தகத்தைக் 'கிதாப்' என்கிறார்களே, அது அங்கிருந்து வந்த சொல். கல்கத்தாக் கடைத்தெருவில் தினம் காதில் விழும் ஒரு சொல்லே மோசேயின் மொழிக்கு உறவு என்று தெரியும்போது மாணவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

கிரேக்கத்துக்கு 24 எழுத்துகள். பெயர்ச்சொல்லுக்கு ஐந்து வேற்றுமைகள். எட்டு வேற்றுமை படித்த தமிழ் மாணவருக்கு இதில் மலைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் 'தி' என்று வருவதைப் போன்ற சுட்டிடைச்சொல் கிரேக்கத்தில் உண்டு. தமிழில் அது இல்லாததால் அங்கேதான் இடறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் பிளேட்டோ எழுதிய இலக்கிய நடை அல்ல. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல தேசத்தார் கலந்து பேசிய பொது மொழி. வீட்டில் ஒரு மொழியும் வேலைத்தலத்தில் இன்னொரு மொழியும் பேசியவர்களின் மொழி. வீட்டில் தமிழும், ஆபீசில் ஆங்கிலமும், டிராமில் வங்காளியும், கடையில் ஹிந்தியும் பேசுகிற கல்கத்தாத் தமிழருக்கு அந்த நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழர் காதுக்கு இனிய ஒரு சொல்லும் எபிரேய வேதத்தில் இருக்கிறது. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக முதலாம் இராஜாக்கள் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. மயிலுக்கு அங்கே வருகிற சொல் 'துக்கி'. அது நம் 'தோகை' என்பதே என்று கால்டுவெல் முதலியோர் கருதினார்கள்.

சருவேசுரனா, பராபரனா, தேவனா, கடவுளா?

தமிழில் அழகான வேதாகமம் அச்சில் இருக்கும்போது, இத்தனை சிரமப்பட்டு மூலமொழி படிப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இறைவனுக்கு அவர் வைத்த சொல் 'சருவேசுரன்'. பிறகு வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் வெளியான ஐக்கியப் பதிப்பு 'தேவன்' என்றது. இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகளில் இருப்பது அதுவே. இருபதாம் நூற்றாண்டில் லார்சனும் மோனகனும் செய்த திருத்தம் 'கடவுள்' என்றது. மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான். தமிழில் நான்கு வந்தன.

இது பண்டிதர்களின் சச்சரவு மட்டும் அல்ல. பப்ரிசியஸின் வேதத்தில் கை வைக்கலாகாது என்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடுமையாக வாதாடி எழுதினார். பிள்ளைப் பருவம் முதல் எந்தச் சொல்லால் ஜெபித்தார்களோ, அந்தச் சொல் போய்விட்டால் சாமானிய ஜனங்களுக்கு வேதமே அந்நியமாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் கவலை. பழைய சொல் பிழையாக நின்றால் அடுத்த தலைமுறைக்கும் பிழையே போய்ச் சேரும் என்பது திருத்தியவர்களின் கவலை. இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது.

இதில் தீர்ப்புச் சொல்ல எபிரேயம் மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. 'தேவன்' என்றால் தமிழ்க் காதில் தேவர்களில் ஒருவன் என்று விழுமா, 'கடவுள்' என்ற சொல்லில் ஆண்பால் விகுதி இல்லையே, அதனால் என்ன நன்மை, என்ன குறை என்பதையெல்லாம் தமிழ் அறிந்தவரே சொல்ல முடியும். 'ரூவாக்' என்ற எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றும் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. தமிழில் 'ஆவி' என்ற ஒரே சொல் மூச்சையும் உயிரையும் நீராவியையும் தொட்டு நிற்கிறது. மூலத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் சில இடங்களில் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தமிழை மறந்த மாணவர் கண்டுபிடிக்க மாட்டார்.

ஒரு வங்காளி கற்ற பாடம்

பிஷப்ஸ் காலேஜில் படித்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் குருவானவர் அல்லர், கவிஞர். மைக்கேல் மதுசூதன தத்தர் 1843இல் கிறிஸ்தவரானார். மறு ஆண்டு முதல் 1847 வரை சிப்பூரில் படித்தார். கிரேக்கமும் லத்தீனும் அவருக்கு அங்கே நன்றாக வாய்த்தன. வீட்டாரின் ஆதரவு நின்றுபோன நிலையில், உடன் படித்த சென்னை நண்பர்களின் துணையோடு சென்னைக்குக் கப்பலேறினார். அங்கே அனாதை ஆசிரமப் பள்ளியில் ஆசிரியர் வேலை. பிழைப்புத் தேடி இன்று தமிழர்கள் கல்கத்தா வருவதைப் போல, அன்று அந்த வங்காளி சென்னைக்குப் போனார்.

1849இல் கல்கத்தா நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம் தினசரி அட்டவணையைக் குறிப்பிடுகிறார். காலை ஆறு முதல் எட்டு வரை எபிரேயம். பிறகு நண்பகல் வரை பள்ளிக்கூடம். அடுத்து இரண்டு மணி வரை கிரேக்கம். அப்புறம் தெலுங்கும் சமஸ்கிருதமும். மாலையில் லத்தீன். இரவு ஆங்கிலம். தமிழுக்கும் நேரம் ஒதுக்கியதாகத் தெரிகிறது. இவ்வளவும் எதற்கு என்றால், முன்னோர் மொழியை அழகு செய்வதற்கான ஆயத்தம் என்பது அவர் சொன்ன காரணம்.

அப்போது அவர் எழுதிக் கொண்டிருந்தது ஆங்கிலத்தில். ஆங்கில மகாகவியாக வேண்டும் என்பதே ஆசை. 1856இல் கல்கத்தா திரும்பிய பிறகு வங்காளியில் எழுதத் தொடங்கினார். 1861இல் வெளிவந்த 'மேகநாத வதம்' அந்த மொழியின் போக்கையே மாற்றிவிட்டது. பல மொழிகளில் சேர்த்த செல்வத்தைத் தாய்மொழியில் கொண்டுவந்து கொட்டிய பிறகே அவர் பெயர் நிலைத்தது. 1873இல் இறந்த அவருடைய கல்லறை, இன்று பிஷப்ஸ் காலேஜ் இருக்கும் அதே ரோட்டில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. டிராமிலும் பஸ்ஸிலும் அந்தப் பக்கம் போய் வந்தவர்களில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்பார்கள்?

மேடையில் வரும் சோதனை

இன்று கல்கத்தாவில் இறையியல் படிக்க வருகிற மாணவர்கள் வடகிழக்கு மலைநாடுகளிலிருந்தும், சோட்டா நாக்பூரிலிருந்தும், தெற்கிலிருந்தும் வருகிறார்கள். பெண்களும் படிக்கிறார்கள், தென்னிந்தியத் திருச்சபையும் வட இந்தியத் திருச்சபையும் பெண்களுக்கும் குருப்பட்டம் தருகின்றன. வகுப்பறை மொழி ஆங்கிலம். எபிரேய இலக்கணப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு வரும் ஒரு கிராமத்துப் பையன் எபிரேயத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்று, மனத்துக்குள் தமிழாக்கி, தேர்வில் மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்தச் சுமை சாமானியமானது அல்ல. இதை உணர்ந்துதான் மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, இறையியலைத் தமிழிலேயே கற்பிப்பதில் முனைந்தது. வங்காளத்தில் கேரி வற்புறுத்தியதும் தாய்மொழிக் கல்வியைத்தான்.

படிப்பு முடிந்ததும் பலரும் போய்ச் சேருவது பட்டணத்துப் பெரிய ஆலயத்துக்கு அல்ல, கிராமச் சபைக்கு. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பனையேறிகள், பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள். 'மூலபாஷையில் இப்படி இருக்கிறது' என்று குருவானவர் ஒரு வார்த்தை சொன்னால், சரிபார்க்க அவர்களிடம் வழி இல்லை. அந்த ஒரு வார்த்தையால் ஒரு குடும்பச் சண்டை தீரலாம். ஒரு சாதி வழக்கத்துக்கு வேதத்தின் பெயரால் முட்டுக் கொடுக்கவும் செய்யலாம். அரைகுறையாகப் படித்தவர் கிரேக்கச் சொற்களை அடுக்கி ஜனங்களை மலைக்க வைப்பார். ஒழுங்காகப் படித்தவர் கிரேக்கச் சொல்லை உச்சரிக்காமலே, அதன் பொருளை ஒரு நல்ல தமிழ் வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

ஆகையால் பிள்ளையை இறையியல் கல்லூரிக்கு அனுப்புகிற பெற்றோரும், அனுப்பும் சபையும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எபிரேயத்தில் எத்தனை மார்க் என்பது முதல் கேள்வி. அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. போன இடத்தில் தமிழ்ப் புத்தகம் எத்தனை வாசித்தாய் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல்கிற மாணவரே, செருப்புத் தைத்த கேரிக்கும் எபிரேயம் படித்த மதுசூதனருக்கும் உண்மையான வாரிசு.